ஸ்ப்ரேயா, ஃபேனா, முக்குவதா, கம்பியா: வீவக வீட்டில் சர்க்யூட் போர்டுக்கு ரெசிஸ்ட் பூச எது சரிப்படும்?

போன மாதம் அக்கா மகன் போன் செய்தான். பாலிடெக்னிக்கில் கடைசி வருடம், புரொஜெக்டுக்கு ஒரு மோட்டார் டிரைவர் போர்ட் வேண்டுமாம், அதில் அரை மில்லிமீட்டருக்கு ஒரு கால் வைத்த ஐசி சிப் ஒன்று உட்கார வேண்டும். செம்பு ஒட்டிய போர்டில் கோடாக நிற்க வேண்டிய இடங்களை மூடி, மற்றச் செம்பை ரசாயனத்தில் அரித்தெடுக்கும்போது (எட்ச்) காப்பாற்றும் பூச்சுதான் ரெசிஸ்ட். "மாமா, ரெசிஸ்ட் ஸ்ப்ரே ஒரு கேன் வாங்கட்டுமா, இல்ல பழைய கம்ப்யூட்டர் ஃபேன்ல போர்டை ஒட்டி சுத்தவிட்டுப் பூசுறாங்களே, அதைப் பண்ணட்டுமா?" என்று கேட்டான். "ரெண்டும் வேணாம்பா" என்றேன். ஏன் என்று கேட்டான் பாருங்கள், அதற்குத்தான் ஒரு மணி நேரம் பிடித்தது. அவனுக்குச் சொன்னதையும், அப்போது ஞாபகம் வராமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ஒரே ஒரு போர்ட், அவசரம் இல்லை என்றால் ஃபைலை சீனாவில் சென்சென் பக்கம் உள்ள ஏதாவது ஒரு தொழிற்சாலைக்கு அனுப்பிவிடுங்கள், வீட்டில் செய்வதைவிட மலிவாகவும் நேர்த்தியாகவும் வந்துவிடும். வீட்டில் செய்வது, காலையில் ஒன்று செய்து சோதித்து, மத்தியானம் தப்பைத் திருத்தி, ராத்திரி இன்னொன்று செய்ய வேண்டும் என்கிற ஆளுக்கு. மருமகன் அந்த மாதிரி ஆள். நானும்தான். அந்த வேகத்துக்கு டோனர் டிரான்ஸ்ஃபர் (லேசர் பிரின்ட் எடுத்த தாளை அயர்ன் செய்து அதன் மையைப் போர்டில் ஒட்டுவது) போதும் என்பவர்கள் உண்டு, கால்கள் இவ்வளவு நெருக்கமாக இருக்கும்போது அயர்ன் பாக்ஸ் சூட்டில் டோனர் பிதுங்கி, கால்கள் உட்காரும் இரண்டு செம்புப் பேடும் ஒட்டிக்கொள்வதைப் பலமுறை பார்த்துவிட்டதால் நான் அதற்குப் போவதில்லை. ஒளியால் பதிக்கும் ரெசிஸ்ட்தான் வேண்டும்: பூசிக் காயவைத்து, வரைபடம் அச்சிட்ட ஃபிலிமை மேலே வைத்து யூவி வெளிச்சம் காட்டி, வேண்டாத பகுதியைக் கரைசலில் கழுவி எடுப்பது (டெவலப்).

சரி, எந்த வழியில் பூசுவது? பூச்சு எவ்வளவு சீராக வருகிறது என்பதைத்தான் எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள். சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருந்துகொண்டு செய்பவர் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது, அந்த முறை எவ்வளவு கரைப்பானை உங்கள் வீட்டுக் காற்றில் கலக்கிறது, பூசிய ஈரம் எந்த இடத்தில் காயப்போகிறது என்பதை. இங்கே ஷெட் கிடையாது, கராஜ் கிடையாது. இருப்பது சமையலறை, குளியலறை, பொதுத் தாழ்வாரம், 1990களின் கடைசியிலிருந்து கட்டப்பட்ட வீடுகளில் கூடுதலாக ஒரு பாம்ப் ஷெல்டர். மருமகனின் பொங்கோல் வீட்டில் அந்த ஷெல்டர் இருக்கிறது. ஜன்னலே இல்லாத, கதவைச் சாத்தினால் கும்மிருட்டான அறை, ரெசிஸ்ட் வேலைக்கென்றே கட்டிக் கொடுத்த மாதிரி தோன்றும். இருட்டைப் பொறுத்தவரை அது சரி. காற்றோட்டத்தைப் பொறுத்தவரை, கேனை அடிக்க அதைவிட மோசமான இடம் வீட்டில் இல்லை. அவனுடைய கேள்விக்கான பதிலில் பாதி இங்கேயே வந்துவிடுகிறது.

பூசும் விதத்துக்கு முன்னால் பூசப்படும் பொருளைப் பற்றிக் கொஞ்சம். கடையில் கிடைப்பவை இரண்டு ஜாதி. பாசிட்டிவ் ரெசிஸ்டில் வெளிச்சம் பட்ட இடம் கரைந்து போகும். பெரும்பாலும் நோவோலாக் பிசினில் டயசோநாஃப்தோகுவினோன் என்ற, ஒளியை உணரும் பொருள் கலந்தது. யூவி பட்டதும் அந்த மூலக்கூறு நைட்ரஜனை விட்டுவிட்டு, பூச்சில் இருக்கும் துளி ஈரத்தோடு சேர்ந்து அமிலமாக மாறுகிறது, அந்த அமிலம் காஸ்டிக் சோடாத் தண்ணீரில் கரைகிறது. லிட்டருக்கு 7 கிராம் அளவில் கலந்தால் போதும், அதற்கு மேல் போனால் வெளிச்சம் படாத பகுதியும் சேர்ந்து கழன்று வரும். நெகட்டிவ் ரெசிஸ்ட் நேர்மாறு, வெளிச்சம் பட்ட இடம் கெட்டியாகும், மற்றது வாஷிங் சோடாவின் 1 சதவீதக் கரைசலில் கழுவிப் போகும். டப்பாவில் வரும் நீல நிறக் கூழ் இந்த வகைதான். காஸ்டிக் சோடாவைவிட வாஷிங் சோடா கைக்கும் கண்ணுக்கும் எவ்வளவோ பரவாயில்லை, சின்னப் பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் இந்த வித்தியாசம் பெரியது.

எந்த முறையானாலும் முதலில் காப்பர் சுத்தமாக இருக்க வேண்டும், இதில் சமரசம் கிடையாது. பாத்திரம் தேய்க்கும் பச்சை ஸ்க்ரப்பரில் கொஞ்சம் பவுடர் கிளீனர் போட்டுத் தேய்த்து, தண்ணீரில் கழுவி, போர்டைச் செங்குத்தாகப் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் ஒரே படலமாக வழிய வேண்டும். எங்காவது விலகித் திட்டாக நின்றால் அங்கே எண்ணெய் இருக்கிறது, உங்கள் விரல் ரேகையாகவே இருக்கலாம், அந்த இடத்தில் ரெசிஸ்டும் விலகும். கழுவியதும் ஹேர் டிரையர் வைத்து உடனே காய வையுங்கள், நம்ம ஊர் ஈரக்காற்றில் தேய்த்த செம்பு வெகு சீக்கிரம் நிறம் மாறத் தொடங்கிவிடும்.

இன்னொன்று, இது எனக்கே ரொம்ப நாள் பிடிபடாமல் இருந்த விஷயம். படுக்கையறையில் ஏர்கானை 24 டிகிரியில் வைத்து அங்கே போர்டைத் தயாராக வைத்திருப்பேன், பூசுவதற்குச் சமையலறைக்கு எடுத்து வருவேன். பூச்சு பால் படிந்தாற்போல் மங்கலாக வரும், டெவலப் செய்யும்போது பொத்தல் பொத்தலாகக் கழன்றுவிடும். ரெசிஸ்ட் மருந்து பழசாகிவிட்டது என்று நினைத்துப் புது பாட்டில் வாங்கினேன், அதுவும் அப்படியே. கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. வெளியே 30 டிகிரி சூடு, 80 சதவீத ஈரப்பதம் என்றால், காற்றில் உள்ள நீராவி சுமார் 26 டிகிரியிலேயே பனியாகப் படியத் தொடங்கிவிடும். என் போர்ட் 24 டிகிரி. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த டம்ளர் வியர்ப்பது போலக் கண்ணுக்குத் தெரியாத அளவில் அது வியர்த்திருக்கிறது. போதாததற்கு, கரைப்பான் ஆவியாகும்போது பூச்சின் மேற்பரப்பு இன்னும் குளிரும். அப்போதிலிருந்து போர்டையும் பாட்டிலையும் எந்த அறையில் பூசப்போகிறேனோ அதே அறையில் ஒரு மணி நேரமாவது வைத்துவிட்டுத்தான் தொடங்குகிறேன். மழை கொட்டும் மத்தியானங்களில் ஏர்கான் அறைக்குள்ளேயே எல்லாவற்றையும் முடித்துவிடுகிறேன், பூசும் மருந்து மிகக் குறைவு என்பதால் அது முடிகிறது.

இப்போது ஸ்ப்ரே. சுலபம்போலத் தெரிவதால்தான் எல்லோரும் முதலில் இதைத் தேடுகிறார்கள். 20, 30 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்து, இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று ஒரே சீராக ஓட்டிவிட்டு, போர்டைச் சமதளத்தில் வைத்தால் துளிகள் கூடி ஒரே படலமாகிவிடும் என்பது விதி. தூரமாகப் பிடித்தால் துளி காற்றிலேயே பாதி காய்ந்து, போர்டில் மணல் தூவியது மாதிரி விழும். கிட்டே பிடித்தால் ஓரங்களில் குளம் கட்டும். குளம் கட்டிய இடத்துக்கு வெளிச்சம் அதிகம் வேண்டும், மெல்லிய இடத்துக்குக் குறைவாக, ஆக ஒரே போர்டில் எந்த நேரம் வைத்தாலும் எங்காவது தப்பாகும். இதெல்லாம் பழகினால் கைவரும் என்று வைத்துக்கொண்டாலும், தூசியை என்ன செய்வது? ஃபேனைப் போட்டால் தூசி, போடாவிட்டால் கரைப்பான் ஆவி அங்கேயே நிற்கும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவி அடுப்பு வரைக்கும் போகும். கேனில் உள்ள வாயுவும் தீப்பிடிப்பதுதான். நான் ஒருமுறை தாழ்வாரத்தில் அட்டைப்பெட்டிக்குள் வைத்து அடித்தேன், நாலு வீடு தள்ளி இருக்கிற ஆன்ட்டி கதவைத் திறந்து, "என்னப்பா பெயிண்ட் அடிக்கிறீங்களா, குழந்தை தூங்குது" என்றார். நியாயமான பேச்சு. அதன்பிறகு வீட்டில் கேனைத் தொட்டதில்லை. ஏரோசால் கேன்களை விமானத் தபாலில் ஏற்ற மாட்டார்கள் என்பதால் வெளியூரிலிருந்து வரவழைப்பதும் தலைவலி. தோட்டத்தோடு தனி வீடு இருப்பவர், பெரிய பேனல், வளைந்த பரப்பு மாதிரியான வேலை செய்பவர் ஸ்ப்ரேயை யோசிக்கலாம். மருமகனுக்கு ஆகாது.

ஃபேனில் சுழற்றுவது பார்க்கவே அழகான முறை. சிலிக்கான் சிப் செய்யும் இடங்களில் வேஃபர் எனும் வட்டமான வில்லையில் இப்படித்தான் பூசுகிறார்கள், அதனால் இதற்கு ஒரு மதிப்பும் உண்டு. நடுவில் ஒரு குட்டை மருந்தை ஊற்றிச் சுழற்றினால் மிச்சம் வெளியே தெறித்து, போர்டில் மெல்லிய சீரான படலம் நிற்கும். வேகத்தை நான்கு மடங்காக்கினால் தடிமன் ஏறக்குறைய பாதியாகும், அதாவது வேகம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் தடிமன் அதிகம் மாறாது. இது நிஜமான நன்மை, ஸ்ப்ரேயில் இவ்வளவு மன்னிப்பு கிடையாது.

வேஃபர் வட்டம், நம் போர்ட் சதுரம் என்பதில்தான் சிக்கல். மூலைகள் காற்றை அடித்துக்கொண்டு போவதால் அங்கே மருந்து சீக்கிரம் காய்ந்து தடித்து நிற்கும், ஓரத்தில் ஒரு வரப்பும் எழும்பும். வரப்பு இருந்தால் மேலே வைக்கும் ஃபிலிம் நடுவில் ஒட்டாது, ஒட்டாத இடத்தில் கோடு மங்கும். சுற்றிலும் ஒன்றரை சென்டிமீட்டர் வெட்டி எறியத் தயார் என்றால் பரவாயில்லை. ஊற்றியதில் பெரும்பகுதி பெட்டியின் சுவரில்தான் இருக்கும், மருந்து விலைக்கு அது வயிற்றெரிச்சல். பாதுகாப்பையும் சொல்ல வேண்டும், 10 சென்டிமீட்டர் சதுர போர்டை நிமிடத்துக்கு 1500 சுற்று விட்டால் அதன் மூலை மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. இரட்டைப் பக்க டேப்பை நம்பி அதை ஒட்டுவதாக மருமகன் சொன்னபோது எனக்குப் பயமாகவே இருந்தது, கரைப்பான் பட்டால் அந்தப் பசைதான் முதலில் இளகும். செய்வதென்றால் போர்டை நாலு பக்கமும் ஸ்க்ரூவால் கவ்வும் தட்டு, சுற்றிலும் ஆழமான மூடி போட்ட பக்கெட், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி எல்லாம் வேண்டும். கட்டைவிரல் அகல சின்ன போர்டுகள், மிக நுண்ணிய கோடுகள் என்று வேலை செய்பவருக்கு இது பொருந்தும்.

முக்கி எடுப்பதை நான் ஒரு வருடம் போலச் செய்தேன். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பூசிவிடலாம் என்பது இதில் மட்டுமே கிடைக்கும் வசதி. மெதுவாக இழுத்தால் மெல்லிசு, வேகமாக இழுத்தால் தடிமன், நொடிக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வேகத்தில் நடுங்காமல் தூக்க வேண்டும். கையால் முடியாது, பழைய பிரின்டரின் ஸ்டெப்பர் மோட்டாரில் நூல் சுற்றித் தூக்கினேன். கை நடுங்கிய இடத்தில் எல்லாம் குறுக்கே ஒரு கோடு விழும், மரத்தின் வளையம் மாதிரி எண்ணலாம். மோட்டார் வைத்தபின் பூச்சு அருமையாக வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. கீழ் ஓரத்தில் தொங்கும் சொட்டை டிஷ்யூவால் தொட்டு எடுத்துவிட்டால் போதும்.

ஏன் விட்டேன் என்றால், தொட்டி. 10க்கு 15 சென்டிமீட்டர் போர்ட் நிற்க, எவ்வளவு ஒடுக்கமாகச் செய்தாலும் 200 மில்லி மருந்து நிறைந்திருக்க வேண்டும், பூசப்படுவதோ ஒரு மில்லி. மிச்சம் 199 மில்லியும் திறந்து கிடக்கும் நேரமெல்லாம் ஆவியாகிக் கெட்டிப்படும், ஈரத்தை இழுக்கும், தூசியைச் சேர்க்கும். போன வாரம் வந்த தடிமன் இந்த வாரம் வராது. திரும்ப பாட்டிலில் ஊற்றும்போது காப்பர் துகளும் சேர்ந்து போகும். மாதத்துக்கு 20, 30 இரட்டைப் பக்க போர்ட் செய்கிற குழு ஒன்று சேர்ந்து தொட்டி வைத்துக்கொண்டால் நியாயம். தனி ஆளுக்குக் கட்டாது.

பிரஷ், பெயிண்ட் ரோலர், ஸ்பாஞ்சு எல்லாவற்றையும் ஒரே வரியில் முடித்துவிடுகிறேன்: கோடு விழும், நுரை விழும், முடி விழும், செய்யாதீர்கள்.

மீதி இருப்பது கம்பி. ஆய்வுக்கூடங்களில் பெயிண்ட், இங்க் சோதிக்கிறவர்கள் காலங்காலமாக வைத்திருக்கும் கருவி இது, அங்கே மேயர் ராடு என்பார்கள். நேரான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி ஒன்றில் மெல்லிய வயரை இடைவெளியே இல்லாமல் நெருக்கிச் சுற்றியிருப்பார்கள். அதை மருந்தின் மேல் இழுத்தால், வயரின் ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தின் அளவு மருந்து மட்டும் பின்னால் தங்கும். ஈரப் பூச்சின் தடிமன் வயரின் விட்டத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு. 0.3 மில்லிமீட்டர் வயர் என்றால் 30 மைக்ரான் ஈரம், மருந்தில் மூன்றில் ஒரு பங்கு திடப்பொருள் இருந்தால் காய்ந்தபின் 10 மைக்ரான். உங்கள் கை அழுத்தம், வேகம், மனநிலை எதுவும் தடிமனைப் பெரிதாக மாற்றாது, வயர்தான் தீர்மானிக்கிறது. எனக்கு இந்த முறை பிடித்துப்போனதற்கு முதல் காரணம் அது.

இரண்டாவது காரணம் அளவு. அதே 10க்கு 15 போர்டில் 30 மைக்ரான் ஈரம் என்றால் மொத்தம் அரை மில்லிக்கும் குறைவு, அதில் ஆவியாகப் போகும் கரைப்பான் 0.3 மில்லி. நகப்பூச்சு போட்டுக்கொள்வது போலத்தான், ஜன்னலைத் திறந்து வைத்தால் வாசமே அதிகம் தெரியாது. ஓரத்தில் வீணாவதையும் சேர்த்தால்கூட 100 மில்லி பாட்டில் நூறு போர்டுக்கு வரும்.

கம்பியை விலைக்கும் வாங்கலாம், நான் சுற்றிக்கொண்டேன். 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஸ்டெயின்லெஸ் ராடு, கண்ணாடி மேசையில் உருட்டிப் பார்த்து ஆடாமல் ஓடுவதாகத் தேர்ந்தெடுங்கள். 0.3 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் வயர், 10 சென்டிமீட்டர் நீளத்துக்குச் சுற்ற 330 சுற்றுக்கு மேல் வரும், அதாவது 11 மீட்டர் போல. டிரில்லில் ராடை மாட்டி மிக மெதுவாகச் சுற்றவிட்டு, வயரை இழுத்துப் பிடித்துக்கொண்டே போனால் அரை மணி நேரத்தில் முடியும். இரண்டு முனையிலும் எபாக்சி. மரை போட்ட கம்பி போதாதா என்று மருமகன் கேட்டான். போதாது, சாதாரண 6 மில்லிமீட்டர் மரையின் ஆழமே அரை மில்லிமீட்டருக்கு மேல், அவ்வளவு மருந்து தங்கினால் காயவே காயாது, கூர்மையான முனை காப்பரையும் கீறும்.

இழுக்கும் விதம் இப்படி. தடித்த கண்ணாடித் தகட்டில் போர்டை வைத்து, முன்னாலும் பின்னாலும் அதே தடிமன் உள்ள துண்டு போர்டை ஒட்டி வையுங்கள், சாதாரண எஃப்ஆர்4 (கண்ணாடியிழை) போர்ட் என்றால் 1.6 மில்லிமீட்டர். தொடக்கத்தில் தேங்குவதும் முடிவில் தேங்குவதும் அந்தத் துண்டுகளில் விழும், உங்கள் போர்டில் வரப்பு இருக்காது. முன்துண்டின் மேல் குறுக்கே ஒரு கோடாக மருந்தை ஊற்றி, கம்பியை இரு கையாலும் பிடித்து, உருட்டாமல், மூன்று நொடியில் ஒரே இழுப்பு. நடுவில் நிறுத்தக் கூடாது, ஏதோ விட்டுப்போச்சு என்று திரும்ப இழுக்கவே கூடாது. இழுத்த உடனே நுண்ணிய வரிகள் தெரியும், கோலப்பொடியை விரலால் இழுத்த மாதிரி, சில நொடிகளில் அவை தாமாகப் படிந்து கண்ணாடியாகிவிடும். படியவில்லை என்றால் மருந்து கெட்டி, அதற்குரிய தின்னரைக் கொஞ்சம் சேருங்கள். டப்பாவில் வரும் நீலக் கூழைக் கன்டென்ஸ்டு மில்க் பதத்திலிருந்து நல்லெண்ணெய்ப் பதத்துக்குக் கொண்டுவந்தால் எனக்கு ஒழுங்காக வருகிறது. முடிந்த கையோடு கம்பியைக் கழுவிவிடுங்கள், பள்ளத்தில் காய்ந்துவிட்டால் அடுத்த போர்டில் அங்கே ஒரு வெற்றுக் கோடு விழும்.

இதன் குறை, ஒரு நேரத்துக்கு ஒரு பக்கம்தான். இரட்டைப் பக்க போர்டுக்கு முதல் பக்கத்தைக் காயவைத்து, ஓரத்தை மட்டும் தாங்கும் சட்டத்தில் கவிழ்த்து வைத்து மறுபக்கம் இழுக்க வேண்டும், கீறல் விழ வாய்ப்பு உண்டு. ஏற்கெனவே துளை போட்ட போர்டில் கம்பி ஓடினால் துளைக்குப் பின்னால் வால் மாதிரி ஒரு கோடு விழும், ஆகவே துளை கடைசியில்தான். ராடின் நீளத்தைவிட அகலமான போர்டும் முடியாது.

டிரை ஃபிலிமை விட்டுவிட்டு இந்த ஒப்பீட்டை முடித்தால் அது நேர்மையில்லை. 1968இல் டூபான்ட் நிறுவனம் ரிஸ்டன் என்ற பெயரில் கொண்டுவந்ததிலிருந்து போர்ட் தொழிலில் வேரூன்றிவிட்ட பொருள் இது. இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் 30, 40 மைக்ரான் ரெசிஸ்ட், ஒரு தாளை உரித்து, சூடான லேமினேட்டரில் விட்டு எடுத்தால் பூச்சு தயார். கரைப்பான் இல்லை, வாசம் இல்லை, காயவைக்கும் வேலை இல்லை. வருடத்துக்கு நாலு போர்ட் செய்பவர் இதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம். குமிழி பிடிப்பதும், ஓரத்தில் தூக்கிக்கொள்வதும், நம் ஈரக்காற்றில் சுருள் பழசாகி ஒட்ட மறுப்பதும்தான் தொந்தரவு. காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்தால் அதிலும் பாதி குறையும்.

அரை மில்லிமீட்டர் ஐசிக்கு டிரை ஃபிலிம் போதுமா? போதும். பேடுகளுக்கு நடுவே 0.2 மில்லிமீட்டர் கிடைக்கும், 40 மைக்ரான் ஃபிலிம் அதைத் தாராளமாகத் தாங்கும். 0.1 மில்லிமீட்டர் கோடு என்று இறங்கும்போதுதான் திரவப் பூச்சின் மெல்லிசு உதவுகிறது. அங்கேயும் ஒன்றை மறக்கக் கூடாது, சாதாரண போர்டில் காப்பரே 35 மைக்ரான், எட்ச் ஆகும்போது ரசாயனம் கீழே மட்டும் போகாமல் பக்கவாட்டிலும் அரிக்கிறது. பூச்சு எவ்வளவு நுண்மையாக இருந்தாலும் அந்த அரிப்பு இருக்கும். நுண்ணிய வேலைக்கு 18 மைக்ரான் காப்பர் போர்டைத் தேடி வாங்குங்கள், ரெசிஸ்டை மாற்றுவதைவிட அது அதிகம் உதவும். ஏற்கெனவே ரெசிஸ்ட் பூசி வரும் போர்டுகளும் உண்டு, நன்றாகவே இருக்கும், விலை கூட, காலாவதி தேதியைப் பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

காயவைப்பதில் ஒரு வார்த்தை, ஏனென்றால் கம்பியால் எவ்வளவு அழகாக இழுத்தாலும் இங்கே கெடுத்துக்கொள்ளலாம். ஹேர் டிரையரால் மேலிருந்து சூடு காட்டினால் மேல்தோல் முதலில் காய்ந்து, உள்ளே கரைப்பான் மாட்டிக்கொள்ளும், அப்புறம் அது பொங்கிப் பொத்தலாகும். கீழிருந்து சூடு வர வேண்டும். ஹாட் பிளேட்டில் 45 டிகிரியில் தொடங்கி 70க்கு ஏற்றி, 15 நிமிடம். சமையலுக்குப் பயன்படுத்தும் ஓவனை இதற்கு எடுக்காதீர்கள். பாசிட்டிவ் வகையை 110, 120 டிகிரிக்குக் கொண்டுபோனால் ஒளியை உணரும் பொருளே சிதைந்துவிடும். அதே பாசிட்டிவ் வகை காய்ந்ததும் அரை மணி நேரம் இருட்டில் சும்மா இருக்கட்டும், முன்னே சொன்ன அந்தத் துளி ஈரம் காற்றிலிருந்து திரும்ப உள்ளே போக வேண்டும். வறண்ட ஊர்க்காரர்கள் இதற்குக் கஷ்டப்படுவார்கள், நமக்கு இந்த ஒரு இடத்தில் ஈரக்காற்று கூட்டாளி.

இந்த அரை மணி நேரத்துக்கு மருமகனின் பாம்ப் ஷெல்டர் அருமையான இடம், 0.3 மில்லி கரைப்பானும் ஏற்கெனவே வெளியில் ஆவியாகிவிட்டதே. உள்ளே மஞ்சள் பல்பு மட்டும் போடுங்கள், வெள்ளை எல்இடியில் நீல ஒளி நிறைய இருக்கிறது, கொஞ்ச நேரத்தில் பூச்சைப் பதம் பார்த்துவிடும். வெளிச்சம் காட்ட, ரெசின் 3டி பிரின்டர் வைத்திருப்பவர்கள் அதன் 405 நானோமீட்டர் திரையையே பயன்படுத்துகிறார்கள், இரண்டு ஜாதி ரெசிஸ்டும் அதற்கு அசையும். எத்தனை நிமிடம் என்று யாரையும் கேட்காதீர்கள், உங்கள் விளக்கு, உங்கள் தூரம், உங்கள் வயர் வேறு. ஒரு துண்டு போர்டில் கம்பியால் இழுத்து, கறுப்பு அட்டையை அரை நிமிடத்துக்கு ஒரு விரல்கடை நகர்த்தி, எட்டுப் பட்டை எடுத்து டெவலப் செய்யுங்கள். எந்தப் பட்டை சுத்தமாக வருகிறதோ அதை டேப்பில் எழுதிக் கம்பியின் பிடியில் ஒட்டிவிடுங்கள். ஸ்ப்ரேயில் இந்தச் சோதனை அடுத்த போர்டுக்கே செல்லாது, தடிமன் மாறிவிடும். கம்பியில் போன டிசம்பரில் எழுதிய எண்ணை நான் இன்னும் மாற்றவில்லை.

மருமகனுக்குச் சொன்ன முடிவு: இந்த வார போர்டுக்கு டிரை ஃபிலிம், லேமினேட்டர் என்னிடம் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள். புரொஜெக்ட் முடிந்தும் தொடர்ந்து செய்வாய் என்றால் நீலக் கூழும் 0.3 வயர் சுற்றிய ஒரு கம்பியும். "அப்ப ஃபேன் வேணாமா மாமா?" என்று மறுபடி கேட்டான், அவனுக்கு அதன் மேல் ஒரு ஆசை இருக்கிறது. பெரியவனாகித் தனி வொர்க்‌ஷாப் வைத்தால் செய், நானே வந்து மூடி செய்து தருகிறேன் என்றேன்.

எட்ச் செய்து மிஞ்சும் ஃபெர்ரிக் குளோரைடைப் பற்றி அவன் கேட்கவில்லை, நான்தான் சொன்னேன். சிங்க்கில் ஊற்றாதே. அதில் கரைந்த செம்பு இருக்கிறது, இந்த ஊரில் வடிகாலில் போகும் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய், அதில் ஒரு பங்கு புதுநீராக, அதாவது மறுபடி சுத்திகரித்த தண்ணீராகத் திரும்பி வருகிறது. மூடி இறுக்கமான பிளாஸ்டிக் கேனில் சேர்த்து வை, லேபிள் ஒட்டு, பாலிடெக்னிக் லேபில் ரசாயனக் கழிவை யார் பார்க்கிறார்களோ அவரிடம் முன்கூட்டியே கேட்டு, அவர்கள் ஒப்புக்கொண்டால் கொண்டுபோய்க் கொடு. சனிக்கிழமை வந்தான், லேமினேட்டரையும் எடுத்துக்கொண்டான், போகும்போது வயர் சுருளையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.